91 பர்சென்டைல் என்றால் 91 மார்க் இல்லை

வாசகர் கேள்விகள் – கணக்கு டீச்சர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 31 வருஷம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கலந்தாய்வு சமயத்தில் உதவி மையத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். பிள்ளை வாங்கிய எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டில் நடக்கும் சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*

கேள்வி: டீச்சர், என் மகன் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயின் எழுதினான். ரிசல்ட்டில் 91.4 என்று வந்தது. அவன் அப்பா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு "91 மார்க்" என்று சொல்லிவிட்டார். பையனோ, விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்தால் 300க்கு 88தான் வருகிறது என்கிறான். 88 என்றால் 35 சதவீதம்கூட இல்லையே! எதை நம்புவது? ஏதோ மறைக்கிறான் என்று அவன் அப்பா மூன்று நாளாக அவனிடம் பேசவில்லை.
– ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: முதலில் அவன் அப்பாவைப் பேசச் சொல்லுங்கள் அம்மா. பையன் எதையும் மறைக்கவில்லை. இரண்டு எண்ணுமே சரி.

88 என்பது அவன் வாங்கிய மார்க். 91.4 என்பது கூட்டத்தில் அவன் நிற்கிற இடம், அதைத்தான் பர்சென்டைல் என்கிறார்கள். ஜேஇஇ மெயின் ஸ்கோர் கார்டில் மார்க்கைப் போடுவதே இல்லை, இடத்தை மட்டும்தான் போடுகிறார்கள். அதனால்தான் அவன் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் இப்படித்தான் போட்டுக் காட்டுவேன். 40 பேர் பரீட்சை எழுதினார்கள். உங்கள் பையன் 100க்கு 62. அவனையும் சேர்த்து, 62ம் அதற்குக் கீழும் வாங்கியவர்களை எண்ணுங்கள். 35 பேர் என்று வைத்துக்கொள்வோம். 35ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 87.5. அவனுடைய மார்க் 62, பர்சென்டைல் 87.5. அதே கேள்வித்தாள் படு சுலபமாக இருந்து பெரும்பாலானவர்கள் 80, 90 என்று வாங்கியிருந்தால், அவன் 75 வாங்கியிருந்தாலும் பர்சென்டைல் 20க்குப் போயிருக்கும். மார்க் ஏறியும் இடம் இறங்கும். ஜேஇஇயிலும் இதே கணக்குதான், 40க்குப் பதிலாக ஒரு ஷிஃப்டில், அதாவது தேர்வு நடக்கும் ஒரு வேளையில், எழுதிய அத்தனை பேர். எண்ணை ஏழு தசம இடம் வரை போடுகிறார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே எண்ணில் நிற்பதைக் குறைக்கத்தான் அது.

88 குறைவு என்று நினைக்காதீர்கள். 75 கேள்வி, சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. பள்ளித் தேர்வில் 35 வாங்கினால் பாஸ் என்கிற பழக்கத்தை அந்தத் தாளுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதில் பாஸ், ஃபெயில் என்று எதுவும் இல்லை.

சரி, 91.4 எங்கே கொண்டுபோய் விடும்? 100லிருந்து கழித்தால் 8.6. அதாவது 100 பேரில் எட்டு, ஒன்பது பேர் அவனுக்கு முன்னால். இந்தத் தேர்வை வருஷத்தில் இரண்டு அமர்வாக நடத்துகிறார்கள். 2025-ல் இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய 14.75 லட்சம் பேர் எழுதினார்கள். அதில் 8.6 சதவீதம் என்றால் 1,27,000 பக்கம். இது உத்தேசம்தான். பலர் இரண்டு அமர்வும் எழுதி, அதில் எது அதிகமோ அதை வைத்துத்தான் ரேங்க் வாங்குகிறார்கள். ஆகவே உண்மையான ரேங்க் இதைவிடக் கொஞ்சம் பின்னால் போகலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் எந்தப் பிரிவு? 2025-ல் ஐஐடிகளுக்கான அடுத்த கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெற பொதுப் பிரிவுக்கு 93.1 பர்சென்டைல் தேவைப்பட்டது. ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு 79.4 போதுமாக இருந்தது. அதே 91.4, ஒரு வரிசையில் வாசலுக்கு வெளியே நிற்கிறது, இன்னொரு வரிசையில் தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது. நம் மாநிலத்து பிசி, எம்பிசி சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருக்க வேண்டும், வசதியானவர்கள் என்று ஒதுக்கும் கிரீமி லேயரில் வரக் கூடாது, அந்த ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இதை விண்ணப்பத்திலேயே சரியாகக் குறிக்காமல் கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடிய குடும்பங்களை உதவி மையத்தில் பார்த்திருக்கிறேன். மார்க்கைப் பற்றிப் பேசாமல் இருந்த மூன்று நாளில் இந்தச் சான்றிதழைத் தேடியிருக்கலாம். இப்போதாவது தேடுங்கள்.

*

கேள்வி: நான் எழுதிய ஷிஃப்டில் எனக்கு 160 மார்க், பர்சென்டைல் 96 சொச்சம். என் தோழி வேறொரு நாள் எழுதினாள். அவளுக்கு 150தான், ஆனால் 97 சொச்சம். பத்து மார்க் அதிகம் வாங்கியும் நான் ஏன் பின்னால்? என் மூன்று பாடங்களின் பர்சென்டைலையும் கூட்டி மூன்றால் வகுத்தால்கூட மொத்தப் பர்சென்டைல் வரவில்லை. கம்ப்யூட்டரில் தப்பா?
– ஒரு மாணவி, நாமக்கல்

பதில்: தப்பு இல்லை கண்ணு. உனக்கு வந்த தாளும் அவளுக்கு வந்த தாளும் வேறு வேறு. அவளுடையது கடினமாக இருந்திருக்கும். அந்த ஷிஃப்டில் 150 வாங்கியவர்களும் அதற்குக் கீழே வாங்கியவர்களும் சேர்ந்து 97 சதவீதத்துக்கு மேல். உன் ஷிஃப்டில் பலருக்கும் மார்க் கொட்டியிருக்கிறது, 160 வாங்கியும் உனக்கு முன்னால் கூட்டம். 150ஐயும் 160ஐயும் நேராகத் தராசில் வைத்தால், கடினமான தாள் கையில் கிடைத்த பிள்ளைக்கு அநியாயம். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டையும் தனித்தனியாக வரிசைப்படுத்தி, எந்த ஷிஃப்டில் யார் முதலிடமோ அவருக்கு 100 கொடுத்து, அப்புறம் எல்லா வரிசைகளையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். 2019-ல் தேசிய தேர்வு முகமை இந்தத் தேர்வை ஏற்றதிலிருந்து இதே முறைதான்.

இந்த முறை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: எந்த ஷிஃப்டுக்கு யார் போகிறார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் கலைத்துப் போடுவதால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் கெட்டிக்காரர்களும் சுமாரானவர்களும் ஒரே அளவில் இருப்பார்கள் என்பது. லட்சம் பேர் அளவுக்குக் கூட்டம் இருக்கும்போது அது பெரும்பாலும் சரியாக வரும். துல்லியமாக வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மார்க்குக்குப் பல நூறு பேர் குவிந்து நிற்கிற இடத்தில் சின்ன வித்தியாசமும் ரேங்க்கைத் தள்ளும். உன் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மார்க்கை நேராக ஒப்பிடுவதைவிட இது நியாயமானது என்பதுதான் என் எண்ணம்.

சராசரி விஷயம். மொத்தப் பர்சென்டைல் என்பது மூன்று பாடப் பர்சென்டைல்களின் சராசரி இல்லை. மூன்று பாட மார்க்கையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத் தனியாக ஒரு வரிசை போடுகிறார்கள். கணக்கில் உன்னை முந்தியவர்களில் பலர் வேதியியலில் சறுக்கியிருப்பார்கள், வேதியியலில் முந்தியவர்கள் கணக்கில். மொத்தம் போடும்போது அவர்களில் நிறையப் பேர் உனக்குக் கீழே போய்விடுவார்கள். அதனால் மூன்றையும் ஒரே சீராகச் செய்த பிள்ளைக்கு மொத்தம் பெரும்பாலும் சராசரியைவிட ஏறியே இருக்கும். உன் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த எண்களிலும் அப்படித்தான் ஏறியிருக்கிறது, இன்னொரு முறை பார்.

*

கேள்வி: நீட் தேர்வில் 50 பர்சென்டைல் எடுத்தால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். 720ல் பாதி 360. என் மகள் கூட்டிப் பார்த்ததில் 407 வருகிறது. அப்படியென்றால் மெடிக்கல் சீட் உறுதிதானே?
– ஒரு தந்தை, கிருஷ்ணகிரி

பதில்: இல்லை ஐயா. இதை மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த நம்பிக்கையில் வேறு படிப்புகளுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு ஆகஸ்ட்டில் கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

50 பர்சென்டைல் வேறு, 50 சதவீதம் வேறு. எழுதியவர்களில் சரி பாதிப் பேரைக் கடந்து நின்றால் 50 பர்சென்டைல். 2025-ல் பொதுப் பிரிவுக்கு அந்த எல்லை 144 மார்க். 720ல் 144 என்றால் 20 சதவீதம்தான்! அதற்கு முந்தைய ஆண்டு 162. ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 40 பர்சென்டைல் போதும். 2025-ல் அது 113 மார்க். தாள் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து வருஷா வருஷம் இது ஏறும், இறங்கும்.

அந்த எல்லையைத் தாண்டியவர்களுக்குக் கிடைப்பது கலந்தாய்வில் உட்காரும் உரிமை மட்டும். 2025-ல் எழுதியவர்கள் 22 லட்சம் பேர், தகுதி பெற்றவர்கள் 12.36 லட்சம் பேர். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் 1.2 லட்சம். தகுதி பெற்ற பத்துப் பேருக்கு ஒரு இடம். உங்கள் மகள் தகுதி எல்லையைத் தாராளமாகத் தாண்டியிருக்கிறாள், அதில் சந்தேகமே வேண்டாம். சீட் என்பது அவளுடைய ரேங்க், இடஒதுக்கீட்டுப் பிரிவு, அரசுக் கல்லூரியா தனியாரா என்பதையெல்லாம் பொறுத்தது. அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020லிருந்து இருக்கிறது, அந்த வரிசையில் கட்-ஆஃப் வேறு.

அவள் கூட்டியதைச் சரிபார்க்கும் விதத்தையும் சொல்கிறேன். அவள் வட்டம் நிரப்பிய ஓஎம்ஆர் விடைத்தாளின் நகலைப் பக்கத்தில் வைத்து, விடைக்குறிப்போடு ஒவ்வொரு கேள்வியாகப் பென்சிலால் டிக் போட வேண்டும். 112 சரி, 41 தப்பு, 27 விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூன்றையும் கூட்டி 180 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எங்கோ ஒரு வரி நழுவியிருக்கிறது. அப்புறம் 112ஐ 4ஆல் பெருக்கினால் 448, அதில் 41 போனால் 407. விட்ட 27க்கு ஒன்றும் இல்லை, கழிவும் இல்லை.

நீட் ஒரே நாளில், ஒரே வேளையில், எல்லோருக்கும் ஒரே கேள்விகளோடு நடக்கிற தேர்வு, கேள்விகளின் வரிசைதான் மாறும். அதனால் ஜேஇஇ மாதிரி ஷிஃப்டைச் சமன்படுத்தும் வேலை இல்லை. வாங்கிய மார்க் அப்படியே ரேங்க்குக்குப் போகிறது. ஒரு மார்க்கும் பிசகக் கூடாது என்பதற்கு 2024-ஐ நினைத்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் 720. ஒன்றை விட்டால் 716. ஒன்று தப்பானால் 715. நடுவில் 719, 718 வர வழியே கிடையாது. ஆனால் அந்த வருஷம் சிலருக்கு அப்படி வந்தது. மதிப்பெண் முறை தெரிந்த பிள்ளைகள்தான் அதை உடனே பிடித்தார்கள். தேர்வறையில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்திருந்தது அப்புறம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அதை ரத்துசெய்து, விரும்பியவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு வைத்தார்கள்.

அதே வருஷம் அணுவைப் பற்றிய ஒரு இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளை ஏற்றிருந்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐஐடி நிபுணர்கள் பார்த்து, ஒரே விடைதான் சரி என்று ஆனது. மற்ற விடையை எழுதியிருந்தவர்களுக்குக் கிடைத்த 4 போனது, கூடவே தப்புக்கு 1 கழிந்தது. ஆளுக்கு 5 மார்க். முதலில் 720 வாங்கியவர்கள் 67 பேர் என்று அறிவித்தது, கடைசியில் 17 பேர் என்று முடிந்தது. ஒரு கேள்விக்கு இவ்வளவு கனம்.

*

கேள்வி: பொறியியலுக்கு என் கட்-ஆஃப் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கணிதம் 95, இயற்பியல் 88, வேதியியல் 91. போன வருஷம் நான் கேட்கும் கல்லூரியின் கட்-ஆஃப் 186 என்கிறார்கள். அது எனக்கு எப்படிப் பொருந்தும்?
– அரசுப் பள்ளி மாணவர், தருமபுரி

பதில்: தம்பி, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. 2006-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள், 2007-லிருந்து பிளஸ் டூ மார்க்தான். கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக 50க்கு. ஆக மொத்தம் 200. உனக்கு 95 + 44 + 45.5 = 184.5. பிளஸ் டூவில் மொத்தம் 600க்கு எவ்வளவு என்பது இந்தக் கூட்டலில் வராது.

இந்தக் கணக்கின் உள்ளே பார். கணிதத்தில் கூடுதலாக ஒரு மார்க் வாங்கினால் கட்-ஆஃப் ஒன்று ஏறும். இயற்பியலில் ஒன்று வாங்கினால் அரைதான். ஒரே 184.5ல் இன்னொரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்: கணிதம் 93, இயற்பியல் 92, வேதியியல் 91. கூட்டிப் பார், அதே 184.5. யார் முன்னால்? நீதான். சமமாக வந்தால் முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல். அப்படியே வரிசையாகப் போய், பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியில், ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் குலுக்கிக் கொடுக்கும் ரேண்டம் எண்.

உன் குழப்பத்துக்குக் காரணம், கட்-ஆஃப் என்கிற ஒரே சொல்லை நாம் இரண்டு அர்த்தத்தில் சொல்கிறோம். உன் கட்-ஆஃப் 184.5 என்பது நீ வாங்கியது. கல்லூரியின் கட்-ஆஃப் 186 என்பது, போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், அந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் வாங்கியவரின் மார்க். அதை யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. கலந்தாய்வு முடிந்த பிறகுதான் அப்படி ஒரு எண்ணே பிறக்கிறது. இந்த வருஷம் மொத்தமாகவே மார்க் குறைவாக வந்திருந்தால் 183லும் கிடைக்கலாம். அதனால் 186ஐப் பார்த்துப் பட்டியலிலிருந்து அந்தக் கல்லூரியை எடுத்துவிடாதே. மேலே போடு, அதற்குக் கீழே நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுபவற்றைப் போடு. விருப்பப் பட்டியலில் மேலே ஒன்றைப் போடுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. முக்கியமாக, 186 எந்தப் பிரிவுக்கு என்று கேள். நீ அரசுப் பள்ளி மாணவன், உனக்கு 2021லிருந்து பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொதுப் பிரிவின் எண்ணை உன் எண்ணோடு வைத்துப் பார்த்து மனசு விட வேண்டாம்.

சிபிஎஸ்இ பிள்ளைகளோடு எப்படி ஒப்பிடுவார்கள் என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறாய். 2006 சட்டத்திலேயே வழி இருக்கிறது: ஒவ்வொரு போர்டிலும் அந்தப் பாடத்தில் முதல் மார்க் எதுவோ அதை நம் மாநில போர்டின் முதல் மார்க்குக்குச் சமமாக எடுத்துக்கொள்வது. இங்கே முதல் மார்க் 100, அங்கே 90 என்றால், அந்தப் போர்டில் 60 வாங்கியவருக்கு 66.66.

*

கேள்வி: நீட், ஜேஇஇயில் மறுகூட்டல் உண்டா? பிளஸ் டூவில் இருக்கிறதே.
– ஒரு தாய்மாமன், சிவகங்கை

பதில்: கிடையாது. பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். இந்தத் தேர்வுகளில் உங்களுக்கு உள்ள முக்கியமான கதவு, ரிசல்ட்டுக்கு முன்னால் வரும் தற்காலிக விடைக்குறிப்பு. அது தப்பு என்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குத் தருவது சில நாட்கள்தான். ஆட்சேபம் சரி என்று ஏற்றால் கேட்டவருக்கு மட்டுமில்லை, எழுதிய எல்லோருக்கும் மார்க் மாறும். எனவே விடைக்குறிப்பு வந்த அன்றே மருமகனோடு உட்கார்ந்து பாருங்கள், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

*

கேள்வி: எனக்கு ரேண்டம் எண் 9-ல் தொடங்குகிறது. நல்லதா கெட்டதா டீச்சர்?
– ஒரு மாணவி, ஆரணி

பதில்: நல்லதுதான். பொறியியல் கலந்தாய்வில் மார்க், பிறந்த தேதி எல்லாமே சமமாக வந்தால் பெரிய எண் உள்ளவர்தான் முன்னால். ஆனால் அந்த அளவுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. இப்போது சான்றிதழ் பதிவேற்றியாகிவிட்டதா என்று பார், கடைசி தேதியைக் கேலண்டரில் வட்டம் போட்டு வை.